ஒண்முகிலுக்குப் பரு நீக்கிய படலம்

கேளுங்கள், வேலை முடிந்து காலும் கையும் ஓய்ந்து சற்றே உட்கார்ந்திருப்போரே! கரும்புள்ளி களைந்த கரத்தோன், மங்கிய மணப்பெண்டிர்க்கு மதிமுகம் ஈந்த வள்ளல், ஒரே இழுப்பில் மாமனார்மார் தொப்பையைக் கரைத்த மறவோன், படத்தில் கண்மூடி நின்ற தாய்மாமனுக்கு வேறொரு படத்துக் கண்ணைப் பெயர்த்து வைத்துப் பார்வை தந்த பெருமான், திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்தில், மாடிப்படி ஏறியதும் இடப்பக்கம், கல்யாண ஆல்பம் சமைக்கும் ஸ்டூடியோவின் சுழல்நாற்காலியில் வீற்றிருக்கும் விஜய்குமார் என்னும் வீரனின் புகழைப் பாடப் புகுந்தோம். அவன் வாழ்க! அவன் வலக்கை ஆட்காட்டி விரல் வாழ்க! அவ்விரலின் கீழ்ப் பல்லாண்டு நசுங்கிக் கிடக்கும் மவுஸும் முடிந்த மட்டும் வாழ்க!

அது கர்க்கடக மாதம். நம் கணக்கில் ஆடி. அம்மாதத்தில் மலையாள நாட்டில் மணவினை இல்லை. மணவினை இல்லாததால் மணமகள் இல்லை. மணமகள் இல்லாததால் வெளுப்பிக்க முகமும் இல்லை. முதலாளி ஸ்ரீனிவாசன், ஆண்டெல்லாம் கல்யாண மண்டபங்களில் வளைந்து நின்ற முதுகுக்கு எண்ணெய் ஊற்றிக்கொள்ள வைத்தியசாலையில் படுத்துவிட்டார். வெளியே அடைமழை. உள்ளே கணினி சும்மா கிடந்தது. அந்தச் சும்மாவில்தான் போர் மூண்டது.

போருக்குக் காரணம் ஓர் ஆணி. கரமனையில் அவன் குடியிருந்த வாடகை வீட்டில், டிவிக்கு மேலே, சுவரில் அடித்திருந்த ஒற்றை ஆணி. பிறர் வீட்டில் அவ்விடத்தில் கல்யாணப் படம் தொங்கும். இவன் வீட்டில் கம்பிக்கடைக் காலண்டர் தொங்கியது. ஊரார் கல்யாணத்தையெல்லாம் அழகுசெய்தவனுக்குத் தன் கல்யாணப் படம் கிடையாது. அவனும் ஷிஜாவும் சாதியும் மதமும் பாராமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டு, எதிர்க்கடையில் ஆளுக்கொரு நாரங்காவெள்ளம் என்னும் எலுமிச்சைச் சாறு குடித்து மணமுடித்தவர்கள். அன்று கோபித்துக்கொண்ட ஷிஜாவின் தாய் எலிசாள் மார்த்தாண்டத்தை விட்டு அசையவில்லை. மருமகன் என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒருமுறையும் உதிரவில்லை. அந்த எலிசாள், மலை நகர்ந்தாற்போல மனம் நகர்ந்து, மறுநாள் முதன்முறையாக மகள் வீட்டுக்கு வருகிறாள்!

காலையில் ஷிஜா ஆணை பிறப்பித்திருந்தாள்.

"அம்மை வந்து ஏறும்போ செவுத்துல நமக்குன்னு ஒண்ணு இருக்கணும் சேட்டா. கம்பிக்கடைக் கலண்டரையா காட்டுறது? பொன்முடியில எடுத்தோம்லா, அதை இன்னைக்கு முடிச்சுப் பிரிண்டு போட்டுட்டு வாங்க. இல்லேன்னா நீங்களும் வரண்டாம்."

பொன்முடியில் எடுத்தது யாதெனில், கூறுவோம். தை மாதத் தெளிவானத்தில், எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் விஜய்குமாரின் மாமன் உச்சிமாகாளியின் வாசலில், பழைய தொலைநோக்கி ஒன்றை நாட்டி, விண்வேட்டுவனின் இடைவாளில் ஒளிரும் ஓரியன் நெபுலா என்னும் ஒண்முகிலைத் தம்பதியர் இருவரும் படம்பிடித்திருந்தனர். அவர்கள் கேமராவோ நிறமறியாக் கேமரா. கறுப்பும் வெளுப்புமே அதற்குத் தெரியும். முதலில் விஜய்குமார் மறைப்பேதுமின்றி ஒளியை மட்டும் வாரினான். முகிலின் மடிப்பும் சுருளும் நுண்வடிவும் அந்த ஒளிப்படத்தில் வந்து சேர்ந்தன. பின்பு, மலைக்குளிர் என்னும் மாற்றானுக்கு ஆற்றாது புறமுதுகிட்டு லயத்துக்குள் ஓடிக் கம்பளியில் ஒடுங்கினான். அப்போது ஷிஜா தலையில் துண்டைக் கட்டி முன்வந்து, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றி முன்வைத்து நிறத்தை வாரினாள். ஆகவே ஒளி அவனுடையது, நிறம் அவளுடையது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் படம். மணலும் சிமெண்டும் தனித்தனியே உத்தமர்கள்தாம். கூட்டும்போது ஒரு வாளி தண்ணீர் அதிகமானால் சுவர் நிற்காது.

கீழே பிள்ளையாருக்கு எறிந்த தேங்காய்கள் இடியெனச் சிதற, அதையே போர்முரசாகக் கொண்டு, மூவண்ணப் படையின்மேல் தன் ஒளிப்படையை ஏவினான் வீரன். ஏவுமுன் ஒளிப்படையைச் சற்றே அலங்கரிக்கவும் செய்தான். "கொறச்சுகூடி வெளுப்பிக்கணும் மோனே", இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு மகனே, என்று மணப்பெண்களின் தாய்மார் ஆண்டுக்கணக்கில் காதருகே நின்று ஓதிய மந்திரம் அவன் எலும்பில் ஏறியிருந்தது. ஏற்றினான் ஒளியை! மேலும் ஏற்றினான்! பிரளயத்து வெள்ளம் பயிரை மூடுவதுபோல அவ்வொளி எழுந்து நிறங்களை மூட, செம்படை சோர்ந்து, பசும்படை பதுங்கி, நீலப்படை நினைவிழந்து, ஒண்முகில் முழுவதும் பவுடர் அப்பிய கன்னம்போல் வெளிறி நின்றது. வீரன் நாற்காலியில் சாய்ந்து, ஆகா என்றான்.

அந்நேரம், சாலைக் கம்போளக் கடைவீதியில், தான் வேலைபார்க்கும் பட்டுக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் நடுவே மேலாளரிடம் பல்வலி என்று சொல்லி அரைநாள் விடுப்பு வென்றவளாய், சொட்டும் குடையுடன் படியேறி வந்தாள் ஷிஜா.

"இது எந்தா சேட்டா? நம்ம எடுத்ததா இது?"

"பின்ன யாரு எடுத்தது? நல்ல தெளிச்சம் வந்துருக்கு, பாரு."

"தெளிச்சமா? மூணு தடவ அலசுன நைட்டி மாதிரி இருக்கு. நான் கொண்டுவந்த செவப்பு எங்க போச்சு?"

"உன் செவப்பு அடியில பத்திரமா கெடக்கு. மேல என் வெளிச்சம் நிக்குது."

"உங்க வெளிச்சம் எதுக்கு என் செவப்பு மேல ஏறி நிக்கணும்? கம்பளிக்குள்ள கெடந்த ஆளுதானே நீங்க!"

இவ்வாறு முழங்கி, கழுகு பாம்பைக் கவர்வதுபோல மவுஸைக் கவர்ந்தாள் அவ்வண்ணக்கொற்றவை. வாடாமல்லிக்கும் ராணிப்பிங்குக்கும் நடுவே ஏழு வகை காட்டி, முகூர்த்தப் பட்டு விற்கும் கண்ணல்லவா அவளது! நிறச்செறிவைக் கூட்டும் திரைக்குமிழை வலக்கோடி வரை இழுத்தாள். உடனே ஒண்முகிலின் விளிம்பு ரத்தம் கக்கியது. நடுவயிறு கிளிப்பச்சையாய்ப் பொங்கியது. கருவானமெங்கும் சிவப்பும் நீலமுமாய்ப் பொடிப்பொடியாகக் கலர்மணல் தெறித்தது.

"ஐயோ! டூரிஸ்ட் பஸ்ஸுல ஒட்டுற படமா ஆக்கிட்டியே!" என்று அலறினான் விஜய்குமார்.

"பஸ்ஸுன்னா நாலு ஆளு திரும்பியாவது பாப்பாங்க."

அவன் இடப்புறம் இழுத்தான். அவள் வலப்புறம் இழுத்தாள். ஒரு மவுஸின்மேல் இரண்டு கைகள், இரண்டு யானைகள் ஒரு கரும்பைப் பற்றியதுபோல. முகில் வெளுத்தது, சிவந்தது, மீண்டும் வெளுத்தது. விண்ணில் எத்தனையோ லட்சம் ஆண்டு அமைதியாகக் கிடந்த அந்தப் புகைமூட்டம் ஒரு பிற்பகலில் இவ்வளவு பாடு பட்டதில்லை.

இழுபறியில் எவர் விரலோ தவறிப்பட்டு, படம் திடீரெனப் பெருகி முகிலின் நெஞ்சகம் திரையெல்லாம் நிறைந்தது. ஷிஜாவின் கை நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்து மறுபடி பார்த்தாள்.

"சேட்டா. நடுவுல நாலு பொடி நட்சத்திரம் உண்டுல்லா? நான் உச்சிமாகாளி மாமாவைக் கூட்டிக் காட்டினேனே, நாலு குட்டியும் ஒரே கூட்டுல இருக்குன்னு. அது எங்க?"

அவன் பார்வை மெல்லத் தாழ்ந்து தன் வலக்கைமேல் விழுந்தது. அந்தோ! காலையில் வாய் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருக்க, மனம் எலிசாளுக்கு மீன் வாங்குவதை எண்ணிக்கொண்டிருக்க, கை மட்டும் தானறிந்த தொழிலைச் செய்திருந்தது. வெளுத்த பரப்பில் எங்கெல்லாம் புள்ளி கண்டதோ அங்கெல்லாம் பாய்ந்து, பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டி மெழுகி, நெஞ்சகத்து நான்கு விண்மீன்களையும் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான சுற்றத்தாரையும் முகப்பரு என்று கருதி வேரோடு களைந்திருந்தது!

"பருன்னு..." என்று தொடங்கினான்.

"நட்சத்திரத்துக்கு ஃபேஷியல் பண்ணி வச்சிருக்கீங்க!"

ஷிஜா சிரிக்கத்தான் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நாளைக்கு அம்மை வருவா சேட்டா," என்றாள். மழை தகரத்தின்மேல் பெய்துகொண்டிருந்தது.

நல்லவேளையாக, தீண்டப்படாத மூல ஒளிப்படம் உள்ளே உறங்கியது. வீரன் அதை எழுப்பினான். எழுப்பியதும், குற்றம் புரிந்த வலக்கையைத் தன் தொடைக்கடியில் தானே சிறைவைத்து, பழகாத இடக்கையால் மவுஸ் பிடித்தான். பண்டை வீரர் எவரும் தன் கையைத் தானே மிதித்துக்கொண்டு போரிட்டதாகக் கேட்டதில்லை.

"வெளிச்சத்தைக் குறைங்க," என்றாள் ஷிஜா. "எங்க கடையில ட்யூப்லைட்டுக்கு நேரே கீழ விரிச்சா, எந்தப் பட்டும் வெளுத்துதான் தோணும். வெவரம் தெரிஞ்ச ஆளுக சேலையத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிப் பாப்பாங்க. என் நெறம் எவ்வளவு வெளிச்சத்துல நிக்குதோ, உங்களதும் அவ்வளவுல நின்னா போதும்."

"அப்ப நீயும் அந்தச் செவப்ப விடணும்."

"பாதி விடுறேன்."

"முக்கால்."

"சரி, ஆனா விளிம்புல தொடக்கூடாது."

இவ்வாறு உடன்படிக்கை ஏற்பட்டது. ஒளி தன் வெண்குடை தாழ்த்தி, நிறத்தின் தோளுக்குத் தோள் வந்து நின்றது. நிறத்தில் தெறித்த கலர்மணல் மட்டும் அடங்கவில்லை. அப்போது வீரனுக்கு ஒன்று உறைத்தது: கண் உருவத்தை ஒளியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, நிறத்தை எவ்வளவு மழுக்கினாலும் அது கண்டுகொள்வதில்லை. மணப்பெண் தோலை மழமழவென மெழுகிய அதே வலக்கை, இம்முறை நிறத்தின்மேல் மட்டும் போகலாம் என்ற நிபந்தனையோடு சிறை மீண்டது. ஷிஜா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை மெழுகியது. மணல் அடங்கியது.

அடங்கவே, தோன்றியது காண்! ரோஜா விளிம்பும், நீலம் கலந்த பசும்புகையும், கூட்டில் தலை நீட்டிய குஞ்சுகள்போல் நெஞ்சில் நான்கு விண்மீன்களும், சுற்றிலும் கரிய பெருவெளியுமாய், இவன் இல்லாமலும் அவள் இல்லாமலும் ஆகியிராத பேரொண்முகில்! இருவரும் அதை அச்சிட்டு, சட்டமிட்டு, பட்டுக்கடைப் பிளாஸ்டிக் பையில் பொதிந்து, கரமனைப் பேருந்தின் நெரிசலில் கைக்குழந்தைபோல் மார்போடணைத்து, வீடு சேர்த்தனர். கம்பிக்கடைக் காலண்டர் ஆணியென்னும் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, சுருட்டப்பட்டு, ஃபிரிட்ஜின் தலைக்கு நாடுகடத்தப்பட்டது. ஒண்முகில் முடிசூடியது.

மறுநாள் வந்தாள் எலிசாள். ஒரு கையில் மரச்சீனிக் கிழங்கு, மறுகையில் நேந்திரங்காய்ச் சிப்ஸ், முகத்தில் யாதொன்றும் இல்லை. டிவிக்கு எதிர் நாற்காலியில் அமர்ந்தாள். தலை நிமிர்ந்தாள்.

"அம்மா, இது நாங்க ரெண்டுபேரும் சேந்து எடுத்தது," என்றாள் ஷிஜா.

எலிசாள் பார்த்தாள். திசைகள் எட்டும் மூச்சடக்கின. மின்விசிறி ஒன்றே துணிந்து சுழன்றது. அடுக்களை வாசலில், பல வீரம் விளைத்த வலக்கையில் காப்பி டம்ளர் ஏந்தி நின்றான் விஜய்குமார். எலிசாள் சுவரின் இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லக் கண்ணோட்டி, மீண்டும் ஆணிக்கு வந்து, கடைசியாக அவன் பக்கம் திரும்பினாள்.

"மருமோனே," என்றாள்.

ஷிஜா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல கலண்டரு ஒண்ணும் இல்லியா மக்ளே? ஓணத்துக்கு எத்தன நாளு கெடக்குன்னு பாக்கணும். அதுவரைக்கும் இங்க நிக்கலாமுன்னு ஒரு நெனப்பு."

முரசங்கள் அதிர்க! சங்கங்கள் முழங்குக! பன்மணிச் சுடர்விரிக்கும் வான்முகிலே, ஒளியும் நிறமும் ஒருங்கே வென்ற ஒப்பிலாக் காட்சியே, விண்வேட்டுவன் இடையினின்று கரமனை வாடகைச் சுவர் வரை இறங்கி வந்த பேரெழிலே, கேட்டாயோ அச்சொல்லை!

விஜய்குமார் ஃபிரிட்ஜ் மேலிருந்த காலண்டரை எடுத்து வந்து, படம் மறையும்படி அதே ஆணியில் மாட்டினான்.