வாண்டாவுக்கு முடிவெட்டிய மாப்பிள்ளை

புது மாப்பிள்ளையிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. கல்யாணமான முதல் வருஷத்தில் அவன் எதைச் செய்தாலும் பெண் வீட்டில் பாராட்டுத்தான். பாட்டுப் பாடினால் நல்ல குரல் என்பார்கள். பாடாமல் இருந்தால் அடக்கமான பிள்ளை என்பார்கள். மாமனாரின் நாற்காலியை உடைத்துவிட்டால்கூட, "அது பழசு மாப்ள, நாங்களே தூக்கிப் போடலாம்னுதான் இருந்தோம்" என்பார்கள். (உடைத்திருக்கிறேன். அப்படித்தான் சொன்னார்கள்.) இந்த மரியாதையில் நாலு மாதம் ஊறிய ஒருவன் கையில் கத்திரிக்கோல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் மாமியார் எலிசபெத், ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அயனம்பாக்கம் ஏரிக்கு அடுத்த தெருவில் வீடு. வேலையில் இருந்த காலத்தில் அவர் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்களாம். ரிட்டயர் ஆனதும் அந்தக் கண்டிப்பு மொத்தத்தையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே பச்சை வலை கட்டி, அதன் நிழலில் ஆர்கிட் செடிகள். தினமும் காலையில் ஸ்ப்ரேயரும் கையுமாக ஒவ்வொரு செடியின் முன்னாலும் நிற்பார். இலையைத் திருப்பிப் பார்ப்பார், வேரைத் தொட்டுப் பார்ப்பார், அடுத்த செடிக்கு நகர்வார். வாயில் தெர்மாமீட்டர் வைக்காததுதான் பாக்கி.

செடிகளோடு பேசும் அளவுக்கு அவர் என்னோடு பேசியதில்லை. "சாப்பிடுங்க மாப்ள", "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்ள" என்பதோடு சரி. எப்படியாவது இவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது.

வாய்ப்பு கோடையில் வந்தது. கோயம்புத்தூரில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமனார், மாமியார், என் மனைவி பியூலா மூவரும் போய் ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.

"நான் இங்க வந்து தங்கி உங்க செடியெல்லாம் பாத்துக்கறேன் அத்தை" என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று வந்து போனது. அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். "காலைல ஒருவாட்டி லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணாப் போதும் மாப்ள. வேற எதுவும் பண்ண வேணாம். எதுவுமே."

"சரி அத்தை."

"இது வாண்டா. ரொம்ப வருஷம் கழிச்சு இப்பத்தான் முதல் பூ விடப் போகுது. தண்டு வந்துடுச்சு, இந்த ஓரத்துல பாருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை என்கூட வேலை செஞ்ச சிஸ்டருங்க இதைப் பாக்கறதுக்குன்னே வராங்க. அதனால..."

அப்போது என் போன் அடித்தது. போனைப் பார்த்தபடியே பலமாகத் தலையாட்டினேன். அவர் காட்டிய ஓரம் எந்த ஓரம் என்று எனக்கு அன்றும் தெரியாது, மறுநாளும் தெரியவில்லை.

மறுநாள் ஸ்ப்ரேயரோடு மாடியில் தனியாக நின்றபோதுதான் செடிகளை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு தொட்டியில்கூட மண் இல்லை! டெண்ட்ரோபியம் என்று பெயர் எழுதிய தொட்டிகளில் அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுச் சில்லும். ஃபெலனாப்சிஸ் என்ற அகல இலைச் செடியைத் தேங்காய் மட்டையில் கட்டிவைத்திருந்தார். வாண்டா நிலைமை அதைவிட மோசம். மரச்சட்டக் கூடை ஒன்றில் அந்தரத்தில் தொங்கியது. அதன் வேர்கள் இடுப்பளவு நீளத்துக்குச் சிக்குப் பிடித்த தாடி மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

ஊசி போட்ட கைக்குத் தோட்டக்கலை எப்படி வரும், பாவம் என்று நினைத்தேன். அதற்காக மண் வாங்கிப் போட ஒருவர்கூடவா இந்த வீட்டில் இல்லாமல் போனார்கள்? ஒரு மகன் இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பானா? (என் தோட்டக்கலை அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஹாஸ்டலில் பாட்டில் தண்ணீரில் மணி பிளாண்ட் வைத்திருந்தேன். அதுவும் என் ரூம்மேட்டுடையது.) அந்த இடத்திலேயே முடிவு செய்தேன், இனி நான்தான் அந்த மகன்.

பூந்தமல்லி சாலையில் இருந்த ஒரு நர்சரிக்குப் போய்ச் செம்மண்ணும் மாட்டு எருவும் மூட்டையாக, கூடவே புதுத் தொட்டிகளும் கேட்டேன்.

"இன்னா செடிக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"பூச்செடிக்குத்தான்."

"பூச்செடின்னா தாராளமா எரு போடு சார். பூ பிச்சிகினு வரும்."

ஆர்கிட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே என்னைத் துரத்தியிருப்பார். சொல்லவில்லை. ஆயிரம் விவரம் கேட்பார்களே என்ற கூச்சம்.

சனிக்கிழமை முழுவதும் வேலை. முதலில் வாண்டா. பியூலாவின் தையல் கத்திரிக்கோலை எடுத்து அந்தத் தாடியை ஒட்ட நறுக்கினேன். இலைகளுக்கு நடுவில் ஒரு வேர் மட்டும் தப்புத்தப்பாக மேல்நோக்கி வளர்ந்திருந்தது. திமிர் பிடித்த வேர். அதையும் நறுக்கினேன். டெண்ட்ரோபியத்தில் இலையே இல்லாமல் மஞ்சளாக நின்ற தண்டுகளைச் செத்துப்போனவை என்று வெட்டி எறிந்தேன். கரியையும் ஓட்டையும் கொட்டிவிட்டு எல்லாச் செடிகளையும் புதுத் தொட்டிகளில் எருவும் மண்ணும் போட்டு நட்டு, ஆடாமல் இருக்க ஏறி நிற்காத குறையாக அழுத்தினேன். பிறகு பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர். கடைசியாக, நிழலில் கிடந்து வெளுத்துப்போனவை நாலு நாள் வெயில் காணட்டும் என்று வலைக்கு வெளியே கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாக அடுக்கினேன். சென்னைக் கோடை வெயில் அது. நாய்கள்கூட நடமாடாத வெயில்.

அன்று மாலை மாமியார் போனில் கேட்டார். "செடியெல்லாம் நல்லா இருக்கா மாப்ள?"

"நீங்க விட்டுட்டுப் போனதைவிட நல்லா இருக்கு அத்தை. வந்து பாருங்க, அசந்துடுவீங்க."

அவர்கள் வியாழக்கிழமை திரும்பினார்கள். பெட்டியைக்கூட வைக்க விடாமல் மூவரையும் மாடிக்கு இழுத்துப் போனேன். அதற்குள் இலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. நிறம் கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு. தொட்டிகளிலிருந்து ஒரு வாடை வந்தது. எருவின் வீரியம் என்று விளக்கினேன்.

மாமியார் வாண்டாவின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். மாமனார் தொண்டையைச் செருமினார். பியூலாவின் நகம் என் முழங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. பெருமிதத்தில் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"ரொம்ப..." என்றார் மாமியார். தொட்டி விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார். "ரொம்ப சுத்தமா இருக்கு மாப்ள."

"ஆமாமா, பளிச்சுன்னு இருக்கு" என்றார் மாமனார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

கிடைத்துவிட்டது! ஒரு நல்ல வார்த்தை. அதுவும் 'ரொம்ப' போட்டு. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"இனிமே மாசாமாசம் நானே வந்து இதெல்லாம் பண்ணிக் குடுத்துடறேன் அத்தை."

"காபி போடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கீழே போய்விட்டார். காபி வரவே இல்லை. சமையலறைக் குழாய் மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன அடக்கம், ஆனந்தக் கண்ணீரைக்கூட மறைக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் மாமனாரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் நடக்கப் போகிறேன் என்று வெளியே கிளம்பிவிட்டார்.

பியூலாவிடமாவது உண்மை வரும் என்று பார்த்தால், அவளுக்கும் அம்மாவின் கட்டளை. 'மாப்ள மனசு நோகக் கூடாது. ஒரு வார்த்தை பேசாத. அவரு கிளம்பறவரைக்கும் யாரும் செடியத் தொடவும் வேணாம்.' இரண்டு நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல்வலியா என்று அக்கறையாக விசாரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மூன்று சிஸ்டர்கள் வந்தார்கள். மூவரும் ரிட்டயர் ஆனவர்கள். தலைவி மாதிரி முன்னால் வந்தவர் அம்பத்தூர் ஸ்டெல்லா சிஸ்டர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். மாமியார் ஏதேதோ சொல்லி அவர்களைக் கீழேயே உட்காரவைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. "வாங்க சிஸ்டர், நானே மேல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்று முன்னால் ஏறினேன்.

மாடியில் மூவரும் வரிசையாக வந்தார்கள், வார்டு ரவுண்ட்ஸ் வருகிற மாதிரியே. முதல் தொட்டியில் நின்றார்கள். இரண்டாவதில் நின்றார்கள். வாண்டாவிடம் வந்ததும் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இன்னாடி எலிசா இது?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். "ரெண்டு காலையும் வெட்டிப் பொதைச்சு வெச்ச மாதிரி கீது! எவன் பண்ண வேலை?"

மாமியார் என்னைப் பார்க்காமல், "மாப்ள கொஞ்சம்... சுத்தம் பண்ணாரு" என்றார்.

"நான்தான் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே முன்னால் வந்தேன்.

அடுத்து நடந்ததை என் நிலையிலிருந்து வர்ணிப்பது கஷ்டம். ஸ்டெல்லா சிஸ்டருக்கு நான் மாப்பிள்ளை இல்லையே!

"இது மரத்துல ஒட்டிகினு வாழற செடிப்பா! இதுக்கு வேருதான் வாயி, வேருதான் மூக்கு. காத்துல தொங்கறதாலதான் மூச்சு வுடுது. அத்த வெட்டிட்டு, மிச்சத்த சாணில பொதைச்சு, மேல தண்ணியையும் ஊத்திக்கிறியே, மூக்க அறுத்துட்டு மூஞ்சிய சேத்துல அமுக்கினா நீ இன்னா ஆவ?"

"இலையில்லாத தண்டெல்லாம் செத்துப்போச்சுன்னு..." என்றேன்.

"மொட்டைத் தலைன்னா செத்தவன்னு அர்த்தமா? அந்தத் தண்டுலதான் அது சோறு சேத்து வெக்கும். அதுல பூவே வரும்!" சட்டென்று திரும்பினார். "எலிசா, பூந்தண்டு எங்கடி?"

திமிர் பிடித்த வேர் எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. குப்பை வண்டி அதை எடுத்துப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"மேல பாத்துகிட்டு ஒரு வேர் இருந்துச்சு..." என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார். "அறிவிருக்காய்யா உனக்கு? எதுவும் பண்ணாத, எதுவும் பண்ணாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! குழந்தை மாதிரி வளத்தேன்யா! வெயிலுல வேற கொண்டாந்து வெச்சிருக்க! ஆடு மேஞ்சிருந்தாக்கூட இவ்ளோ மேஞ்சிருக்காது!"

"எலிசபெத்து! மாப்ள!" என்று மாமனார் பதறினார்.

"மாப்ளன்னா? நாலு மாசமா சோபாவுல ஈர டவலப் போடறான், அதுக்கும் சும்மா இருந்தேன்! நாற்காலிய உடைச்சான், அதுக்கும் சும்மா இருந்தேன்!"

நாலு மாதக் கணக்கு மொத்தமும் வந்தது. நான் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னதிலிருந்து செருப்பை வாசலில் குறுக்கே விடுவதுவரை ஒன்றும் விடுபடவில்லை. பியூலா அழுதுகொண்டிருக்கிறாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடைவெளியில் ஸ்டெல்லா சிஸ்டர் புடவையை இழுத்துச் செருகினார். "சரி, அழுதது போதும். தியேட்டர ரெடி பண்ணு."

நான்கு நர்ஸுகளும் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு செடியையும் மண்ணிலிருந்து பிடுங்கி, கழுவி, அழுகிய வேரைப் பிளேடால் சீவினார்கள். வெட்டின இடத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பட்டைத்தூள் தடவ வேண்டுமாம். பிரியாணிக்கு வைத்திருந்த பட்டை முழுவதையும் நான் மிக்ஸியில் அரைத்துத் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றேன். "பிளேடு!" என்றால் பிளேடு. "பட்டை!" என்றால் பட்டை. தப்பாக நீட்டினால் விரலில் அடி. மதியம் பட்டையில்லாத பிரியாணி. அதில் என் தட்டுக்கு மட்டும் லெக் பீஸ் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. மாமியார் என்னைப் பார்க்காமலேயே, "அப்படியே போய் அந்த கேஸ் சிலிண்டரை மாத்து" என்றார். 'ங்க' இல்லை, 'மாப்ள' இல்லை. எழுந்து போய் மாற்றினேன். வெட்கமாக இருந்தாலும், அந்த வீட்டில் அன்றுதான் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

டெண்ட்ரோபியத்தில் பாதி செத்துப்போனது. ஃபெலனாப்சிஸ் ஒன்றுகூடத் தேறவில்லை. வாண்டாவை நிழலில் தொங்கவிட்டு மாமியார் தினமும் ஈரம் காட்டிவந்தார். மழைக்காலத்தில் அதன் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு வேர் நுனி பச்சையாக எட்டிப் பார்த்தது. அது பூக்க இரண்டு வருஷம் ஆயிற்று. ஊதா நிறப் பூ. அதைப் பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

கதை மட்டும் ஓயவில்லை. சலூனுக்குக் கிளம்பினால், "அவங்களாவது பாத்து வெட்டுவாங்க" என்கிறார் மாமனார். போன வருஷம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தேன். டாக்டர் அருகில் வந்ததும் மாமியார் அவரை நிறுத்தினார்.

"டாக்டர், தொங்குதேன்னு எல்லாத்தையும் வெட்டிடாதீங்க. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் அப்படிப் பண்ணியிருக்காரு."

"யாரும்மா அது?"

"இதோ படுத்திருக்காரே, இவருதான்."

டாக்டர் ஆர்வமாகிவிட்டார். மயக்க ஊசியோடு வந்தவரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார். மாமியாரும் சொன்னார், ஒன்றையும் விடாமல். இரண்டு நர்ஸுகளும் ஒரு வார்டு பாயும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கதை முழுவதும் முடிந்த பிறகுதான் எனக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள்.