கருநாரையின் படம்

அன்று ஏரிக்குப் போனவர்கள் நால்வர்: எங்கள் அண்ணன், அவர் மகள், அவளுடைய மாமனார், பறவை காட்டும் வழிகாட்டி. ஐந்தாவதாக யாரும் போகவில்லை.

போன மாதம் அதே ஏரியில், அபூர்வமாக வரும் கருநாரையைப் பார்த்ததாக அண்ணன் சொல்லியிருந்தார். சம்பந்தி நம்பவில்லை. "உங்கப்பா நல்லா அளக்குறார்மா" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் மருமகளைக் குத்திக்கொண்டிருந்தார். படம் காட்டினால்தான் அவள் அந்த வீட்டில் தலைநிமிர முடியும்.

கரையோரம் பலகையால் அடைத்த ஒரு மறைவறை. எட்டிப் பார்க்க நீளமாக ஒரு துளை, உட்கார ஒரு பெஞ்சு.

"பறவைக்கு எண்ணத் தெரியாது சார்," என்றார் வழிகாட்டி. "நாலு பேரா உள்ள போவோம். மூணு பேர் சத்தமாப் பேசிக்கிட்டே வெளிய போயிடுவோம். எல்லாரும் போயாச்சுன்னு நெனச்சு அது இறங்கிடும்."

அப்படியே செய்தார்கள். இருட்டில் அண்ணனும் கேமராவும் மட்டும்.

பெஞ்சின் மறுமுனை கிறீச்சிட்டது.

"போகலையா சம்பந்தி? வேவு பார்க்குறீங்களா?"

பெஞ்சு மறுபடி கிறீச்சிட்டது.

"சரி, நீங்களே பாருங்க." கழுத்தில் கிடந்த தொலைநோக்கியைக் கழற்றி நீட்டினார். கையிலிருந்து அது மெல்ல வாங்கப்பட்டது. பட்ட விரல்கள் ஜில்லென்றிருந்தன.

தற்செயலாகத் துளை வழியே பார்த்தார். எதிர்க்கரையில் சம்பந்தி ஒரு புதரருகே குனிந்து, மற்ற இருவருக்கும் வண்ணத்துப்பூச்சி காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. மரியாதையாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். கிறீச்சென்ற சத்தமும் கூடவே தள்ளி வந்தது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று உள்ளே பறந்து வந்து, அவர் பக்கத்தில், ஒரு ஆளின் தோள் உயரத்தில், வெறுங்காற்றில் உட்கார்ந்து சிறகை மூடித் திறந்தது.

கேமராவை அப்படியே விட்டுவிட்டு அண்ணன் எதிர்க்கரைக்கு வந்துசேர்ந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார்.

"ஏம்ப்பா வந்துட்டீங்க?"

"உள்ள இடம் பத்தலைம்மா."

"கருநாரை குடும்பத்தோட வந்திருக்கோ?" என்று சிரித்தார் சம்பந்தி. "அது கெடக்கட்டும், இங்க வந்து இந்தப் பூச்சியையாவது பாருங்க." எல்லோரும் புதர்ப் பக்கம் திரும்பினார்கள். மகளின் கண் கலங்கியிருந்தது.

கிளம்பும் நேரத்தில் வழிகாட்டி போய்க் கேமராவை எடுத்துவந்தார். மகள் வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா! இருக்குப்பா!"

கருநாரைதான். சிவந்த அலகில் சொட்டும் நீர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நான் பேசினது தப்புதாம்மா. மனசுல வச்சுக்காதே."

"உள்ள இருந்தப்பவே எடுத்துட்டேன்," என்றார் அண்ணன் கம்பீரமாக. "கடைசியில காட்டலாம்னு பேசாம இருந்தேன்."

வழிகாட்டி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சார்... பறவைக்குப் பின்னாடி, கரையில, நாம நாலு பேரும் முதுகைக் காட்டிட்டு நிக்கிறோமே?"

அந்தப் படத்தை எடுத்தது எங்கள் அண்ணன் அல்ல, வேறு யாரோ என்று சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு அடிபடுகிறது. தவறு. கேமரா எங்களுடையது.