சோபாவுல ஒரு சர்வதேச முதலீடு

கல்யாணம் ஆனவங்கல்லாம் பின் வரிசைக்குப் போயிடுங்க. முன்னாடி உக்காந்து சிரிச்சீங்கன்னா பக்கத்துல இருக்கறவங்க முறைப்பாங்க, வீட்டுக்குப் போனா உங்களுக்குன்னு தனியா ஒரு கதை நடக்கும். கல்யாணம் ஆகாதவங்க முன்னாடி வாங்க. நல்லா கவனிச்சுக்கோங்க. எதுக்கும் உதவாது, இருந்தாலும் கவனிச்சுக்கோங்க.

நம்மாளு லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடத்துல லிஃப்டு ஓடுற குழிக்குள்ள இறங்கி, கம்பிக்கும் கிரீஸுக்கும் நடுவுல நாள் பூரா நிப்பாரு. பேச்சுத் துணைக்கு அங்க யாரு இருக்கா? இவர் தும்முனா சுவரு திருப்பித் தும்மும். அவ்வளவுதான் அவரோட சமூக வாழ்க்கை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மனுஷனுக்குத் தொண்டை வரைக்கும் பேச்சு தேங்கி நிக்கும்.

அம்மணி அதுக்கு நேர் எதிர். வாஷிங் மெஷின் கம்பெனியில போன்ல புகார் கேக்கற வேலை. "மேடம், மெஷின் குதிக்குது." "மேடம், வெள்ளைச் சட்டை ரோஸ் ஆயிடுச்சு." "மேடம், ஒரு சாக்ஸைக் காணோம், உங்க மெஷின்தான் தின்னுடுச்சு." காலைலேர்ந்து இதையே கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா அவங்களுக்கு ஒரே ஒரு ஆசைதான். எவனும் வாயத் தொறக்கக் கூடாது.

பொண்ணு இருந்த வரைக்கும் நடுவுல ஒரு ஆள் இருந்துச்சு. அவ படிக்க வேற ஊருக்குப் போனதுக்கப்புறம் அந்த வீட்ல அதிகமா பேசுனது ஃபிரிட்ஜ்தான்.

"இன்னிக்கு பன்னெண்டாவது மாடில இருந்தேன்."

"ம்."

"திடீர்னு கம்பி அறுந்துடுச்சு."

"ம்."

"கீழ விழுந்து செத்துட்டேன்."

"ம், சரி. கைகால் கழுவிட்டு வாங்க."

சிரிக்காதீங்க. செத்ததைக் கூட சொல்லிப் பாத்துட்டாரு, பாவம்.

அந்த நேரம் பாத்து, ரெண்டு பேர் பேர்லயும் சேத்துப் போட்டிருந்த சேமிப்பு முதிர்ந்து கைக்கு வந்துச்சு. நம்மாளு மூளைல பல்பு எரிஞ்சுது. அதுவும் சாதா பல்பு இல்ல, மைதானத்துல போடற விளக்கு.

"இதப் பாரும்மா, இந்தப் பணத்தை வெளிநாட்டுப் பங்கு ஃபண்டுல போடலாம். உலகம் பூரா கம்பெனி இருக்கு, நாம ஏன் இங்கயே சுத்திட்டிருக்கணும்? ஆனா அவசரப்படக் கூடாது. தினமும் சாயங்காலம் சோபாவுல சேந்து உக்காந்து, ஒவ்வொரு ஃபண்டா ஒப்பிட்டுப் பாக்கணும். ரெண்டு பேர் கணக்கு. நீ சரின்னு சொல்லாம நான் ஒரு பைசா நகத்த மாட்டேன்."

என்ன ஜனநாயகம் பாத்தீங்களா? உலகச் சந்தை ஏறுனா இவருக்கென்ன, இறங்குனா இவருக்கென்ன? தினமும் ஏத்தி இறக்கறதுதானே இவர் பொழப்பு! இவருக்கு வேண்டியது அந்த சோபா. பக்கத்துல அம்மணி. வாயத் தொறந்து ஒரு ரெண்டு வார்த்தை.

அம்மணியும் உக்காந்தாங்க. பணமாச்சே.

"இந்த அமெரிக்கா ஃபண்டு நல்லாத்தானே இருக்கு? வருஷச் செலவும் கம்மியா எடுக்கறான்."

"எல்லாத்தையும் ஒரே நாட்டுல கொட்டக் கூடாதும்மா."

"அப்ப இந்த உலக ஃபண்டு."

"அதுலயும் பாதிக்கு மேல அமெரிக்காதான்."

"சரி, ஐரோப்பா?"

"அங்கல்லாம் வயசானவங்கம்மா. ஓட மாட்டாங்க."

"வளரும் நாடுகள்னு ஒண்ணு போட்டிருக்கே?"

"இன்னும் வளரலையே!"

"உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடலாம். நாளைக்கு."

நாளைக்குன்னா நாளைக்கு மட்டுமா? அடுத்தடுத்த வாரமும் ஓடுச்சு. ஃபண்டு மேனேஜர் மாறிட்டாருன்னு ஒண்ணைத் தள்ளுனாரு. மேனேஜர் மாறவே இல்ல, போரடிச்சிருக்கும்னு இன்னொண்ணைத் தள்ளுனாரு. டாலர் ஏறுனா பயம், இறங்குனா சந்தேகம். ஒரு ஃபண்டை அதோட விளம்பரத்துல சிரிக்கற ஆளோட பல்லு சரியில்லைன்னு தள்ளுனாரு. அம்மணி திட்டுனாங்க. திட்டுனா என்ன? அதுவும் பேச்சுதானே? மனுஷன் அதையே சிரிச்சுகிட்டே வாங்கிக்கிட்டாரு.

ஒருநாள் அம்மணி ரெண்டு ஃபண்டோட விவரத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு வந்து பக்கத்துல பக்கத்துல வச்சாங்க.

"இங்க பாருங்க. பேரு வேற. அட்டை வேற. உள்ள முதல் பத்து கம்பெனியும் அதே பத்து. இத்தனை நாளா நாம எதை எதோட ஒப்பிடறோம்?"

நம்மாளு அவசரமா ரெண்டு தாளையும் வாங்கிக்கிட்டாரு. "வரிசை மாறியிருக்கும்மா! இங்க மூணாவது இருக்கறவன் அங்க நாலாவது. இதெல்லாம் நுணுக்கமா பாக்கணும்."

அம்மணி மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. லேசா சிரிச்சாங்க. அம்மணி பேசாம இருந்தா களைப்புன்னு இவருக்குத் தெரியும். பேசாம சிரிச்சா என்னன்னு இவர் படிச்ச பாடத்துல இல்ல.

மறுநாள் சாயங்காலம் சோபாவை உதறி, மெத்தையைத் தட்டி, ஜப்பான் ஃபண்டை எடுத்து வச்சுகிட்டு உக்காந்திருக்காரு. காலிங் பெல் அடிச்சுது. கதவைத் தொறந்தா மேல் மாடி பல் டாக்டர். ரிட்டயர் ஆனவரு, சம்சாரம் தவறுனதுக்கப்புறம் தனியா இருக்காரு. கக்கத்துல ஒரு தலையணை சைசுக்கு ஃபைல்.

"தம்பி, வெளிநாட்டு ஃபண்டுல நீங்க கரைச்சுக் குடிச்சவருன்னு வீட்ல சொன்னாங்க. நானும் ஒண்ணு தேடிட்டிருக்கேன். உக்காரலாமா?"

அம்மணி உள்ளேர்ந்து வந்தாங்க. தோள்ல பை, கைல துண்டு.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"நீச்சல் வகுப்புல சேந்திருக்கேன். தினமும் இந்த நேரம்தான்."

"அப்ப நம்ம ஃபண்டு?"

"அது முடிஞ்சுதுங்க. செலவு ரொம்பக் கம்மியா இருந்துதே ஒரு உலக இண்டெக்ஸ் ஃபண்டு, முதல் நாளே பாத்தமே, அதுல போட்டுட்டேன்."

"நான் சம்மதிக்காமயா?"

"இன்னிக்குக் காலைல பல்லு தேய்க்கறப்ப உங்க போனுக்கு ஒப்புதல் நம்பர் வந்துதே, என்னன்னு கேக்காம நுரையோட படிச்சுக் காட்டுனீங்களே?"

கரண்ட் பில்லுன்னு நெனச்சிருக்காரு மகாராசன்.

நம்மாளு அம்மணியை வாசப்படி வரைக்கும் துரத்திட்டுப் போயி, டாக்டர் காதுல விழாம கிசுகிசுன்னு கேட்டாரு. "இவர எதுக்கும்மா வரச் சொன்ன?"

அம்மணி செருப்பை மாட்டிகிட்டே சொன்னாங்க. "எங்க ஆபீசுக்கு தினமும் சில பேர் போன் பண்ணுவாங்க. மெஷின் நல்லாத்தான் ஓடும். சரி பண்ண ஆள் அனுப்பறேன்னா வேணாம்பாங்க. அவங்களுக்கு வேண்டியது பேச்சு. ரெண்டாவது நாளே எனக்குப் புரிஞ்சுடும். உங்களையும் ரெண்டாவது நாளே புரிஞ்சுகிட்டேன்."

"அப்படிப்பட்டவங்கள என்ன பண்ணுவ?"

"சம்பந்தப்பட்ட பிரிவுக்கு மாத்தி விட்டுடுவேன்."

நம்மாளு மூஞ்சியப் பாத்து அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. குரலைத் தாழ்த்துனாங்க. "கோவமில்லைங்க. நாள் பூரா பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது என்கிட்ட வார்த்தையே மிச்சம் இருக்கறதில்ல. தண்ணிக்குள்ள யாரும் பேச மாட்டாங்க. அதான்."

போயிட்டாங்க. லிஃப்டு கதவு மூடுற சத்தம் கேட்டுச்சு. அந்த லிஃப்டையும் இவர்தான் சர்வீஸ் பண்றது. அவ்வளவு பதமா மூடும்.

சரி, பேச ஒரு ஆளாவது கிடைச்சுதேன்னு திரும்புனாரு. அங்கதான் ரெண்டாவது அடி. பல் டாக்டர் வாழ்க்கை பூரா எப்படிப் பேசிப் பழகுனவரு? எதிர்ல இருக்கறவன் வாயத் தொறந்து வச்சுகிட்டு கேக்கணும், பதில் சொல்ல முடியாது. அதே பழக்கம். "ஐரோப்பா பாருங்க தம்பி"ன்னு ஆரம்பிச்சாருன்னா, கடைவாய்ப் பல்லு, அவரோட சம்சாரம் வளத்த ரோஜாச் செடி, வீட்டுக் குழாய் ஒழுகறது, மறுபடி ஐரோப்பா. நம்மாளு "இல்ல டாக்டர்..."னு வாயத் தொறப்பாரு. அதோட சரி. தொறந்தது தொறந்தபடி இருக்கும்.

நாலு நாள் இதை சகிச்சாரு. அஞ்சாம் நாள் டாக்டர் வர கொஞ்சம் லேட். நம்மாளு எழுந்து போயி காலிங் பெல் வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாத்துட்டு வந்தாரு. ஏன் பாத்தாருன்னு அவருக்கே தெரியல.

அப்புறம் ஒரு சாயங்காலம் டாக்டர் வந்து ஃபைலை மேசையில வச்சு மூடிட்டாரு.

"தம்பி, முடிவு பண்ணிட்டேன். உங்க வீட்ல போட்ட அதே ஃபண்டு. சுலபமா இருக்கு, செலவும் இல்ல. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். ரொம்ப நன்றி."

எழுந்துட்டாரு. சட்டையைக் கூட நீவி விட்டுட்டாரு. இத்தனை நாளா ஓயாம ஓடுன வாய் நின்னுபோச்சு, ஃபிரிட்ஜு சத்தம் கேக்க ஆரம்பிச்சுது.

"உக்காருங்க டாக்டர்!"னு கத்திட்டாரு நம்மாளு. "என்ன அவசரம்? அந்த ஃபண்டு அப்படியே சந்தைக் குறியீட்டைப் பாத்து காப்பியடிக்கறது. சந்தை விழுந்தா அதுவும் கூடவே விழும். ஜப்பான் இன்னும் பாக்கவே இல்ல. சின்னக் கம்பெனி ஃபண்டு பாக்கல. டாலர் விலை என்னாகுமோ! ஆமா, அந்த ரோஜாச் செடி, அதுக்கு என்ன உரம் போட்டாங்கன்னு நீங்க சொல்லி முடிக்கவே இல்லையே?"

டாக்டர் மெதுவா உக்காந்தாரு.

அம்மணி திரும்பி வந்தப்ப தலைமுடி ஈரம் சொட்டிட்டிருந்துச்சு. டாக்டர் ஜப்பானைத் தாண்டி ரோஜாவுல இருந்தாரு. அம்மணி நம்மாளை சமையலறைக்குக் கூப்பிட்டாங்க.

"பாவங்க நீங்க. அவரு விடவே மாட்டேங்கறாரா? நான் வேணா பக்குவமா சொல்லி அனுப்பிடவா?"

நம்மாளு துண்டை எடுத்து அவங்க கைல குடுத்தாரு.

"அவரு அப்பவே கிளம்பிட்டாரும்மா. நான்தான் விடல."