மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் கணக்குப்பிள்ளை

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் நம்பலாம், எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்கிறவனை மட்டும் நம்பக் கூடாது. நான் அந்த இனம். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது எந்த மழையில் என்று கேட்டால் கிழமையோடு சொல்வேன். (இதுவரை யாரும் கேட்டதில்லை.) சரித்திரப் புத்தகங்களாக வாசித்துத் தள்ளியதில், தேதியும் நேரமும் சரியாக இருந்தால் வாழ்க்கையும் சரியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் ஷார்ஜாவுக்குப் புறப்பட்டேன். முன்னறை வரை போய்ச் சேர்ந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் நான் கணக்கு எழுதிவந்த ஜவுளிக் கடையை முதலாளியின் மகன்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இருவர் பங்கிலும் நான் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்த என்னைக் கரையேற்ற, ஷார்ஜாவில் இருக்கும் என் மனைவி லீலாவின் அண்ணன் தங்கராஜ் இரண்டு வழி சொன்னார்.

"மாப்ளே, ஒண்ணு வேலை விசா. மார்த்தாண்டத்துக்காரரு ஒருத்தரு இங்க இரும்புக்கடை வச்சிருக்காரு. கணக்குக்கு ஆளு வேணும். விசாவ அவரே எடுத்துத் தருவாரு. இன்னொண்ணு இன்வெஸ்டர் விசா. டீ, பலகாரம் விக்குத கஃபட்டீரியா நடத்துத ஒருத்தரு பார்ட்னர் தேடுதாரு. பணத்தப் போட்டா கடையில பங்கு, அந்தப் பங்குக்கு விசா."

"எது நல்லது மச்சான்?"

"வேலை விசாவுல வேலை போனா விசா போவும். மத்ததுல கடை போனா விசாவோட பணமும் போவும். பின்ன, உங்க இஷ்டம்."

போட வேண்டிய பணம் என்னுடையது இல்லை. கரமனையில் தோசை மாவுக் கடை போட லீலா சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. "வேலைக்குப் போங்க. என் கிரைண்டர்ல கை வைக்காதீங்க" என்றாள். (கிரைண்டர் இன்னும் வாங்கவில்லை. அதில்தான் கை வைக்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.)

எனக்கோ 'இன்வெஸ்டர்' என்ற சொல் உள்ளே இறங்கிவிட்டது. பால் பூத்தில் சொன்னேன். ரேஷன் கடையில் சொன்னேன். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அடுத்த வீட்டு ஓமனச் சேச்சி ஷார்ஜாவில் இருக்கும் தன் மகனுக்கு ஏத்தங்காய் உப்பேரியை, அதாவது நேந்திரங்காய் சிப்ஸை, பெரிய பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார்.

கடைசியில் லீலா ஒரு சமாதானத்துக்கு வந்தாள். இரண்டு பேரிடமும் பேச வேண்டும். இரும்புக்கடைக்காரர் வேண்டாமென்று சொன்னால் மட்டும் சீட்டுப் பணம்.

மச்சான் ஏற்பாடு செய்தார். "வெள்ளிக்கிழமை பதினொண்ணுக்குக் கஃபட்டீரியாக்காரரு, பன்னண்டரைக்கு இரும்புக்கடைக்காரரு. ரெண்டு பேரும் உங்க மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு சொன்னாங்க."

வளைகுடா நேரம் நமக்கு ஒன்றரை மணி பிந்தியது என்பது எனக்குத் தெரியும். சொன்னது அங்கத்திய நேரமா, இங்கத்திய நேரமா என்று கேட்பது என் வாசிப்புக்கே இழுக்கு. ஒன்றரை மணியைக் கூட்டினேன். என் கணக்கில் பன்னிரண்டரைக்குக் கஃபட்டீரியா, இரண்டுக்கு இரும்பு. மச்சான் ஏற்கெனவே இந்திய நேரத்துக்குக் கூட்டித்தான் சொல்லியிருந்தார்.

பதினொன்றுக்குக் கைப்பேசி அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். துண்டித்தேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்து, அந்த எண்ணையே தடுத்துவிட்டு, "மோசடிக் கும்பல். என்கிட்ட நடக்குமா?" என்று லீலாவிடம் மார்தட்டினேன்.

பன்னிரண்டரைக்கு முதலீட்டாளனாக அமர்ந்தேன். ஃபோட்டோஸ்டாட் கடையிலிருந்து இரவல் வாங்கிய சுழல் நாற்காலி. (இரண்டு மணிக்குப் பணிவாக உட்கார மர ஸ்டூல் தனியாக வைத்திருந்தேன்.) திரையில் நரைத்த மீசையோடு ஒருவர் தோன்றினார்.

"சாரே, கடையப் பத்தி தங்கராஜ் சொல்லியிருப்பாரு, இல்லியா?"

"சொன்னார். ஆனா கேள்வி கேக்க வேண்டியது நான். இப்ப கணக்கு யார் பாக்கறாங்க?"

"பாத்தவன் விட்டுட்டுப் போயிட்டான். அதுக்குத்தான…"

"ஏன் போனார்? சம்பளம் ஒழுங்கா குடுக்கலியா?"

அவர் மீசையைத் தடவினார். நாற்காலியின் விசை பழுது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் மெல்ல இறங்கத் தொடங்கினேன்.

"ஆள் நிறைய இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு பேரக் குறைக்கலாம்" என்றேன் இறங்கிக்கொண்டே.

"ஓ. நீங்க வந்ததும் குறைச்சிரலாம். சாரு காலையில எத்தன மணிக்கு வருவீங்க?"

"தினமும் வர்றது நடக்காது. மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாப்பேன்."

"மாசத்துக்கு ஒருக்கா. சரி. சம்பளம்?"

"சம்பளத்துல எனக்கு விருப்பமில்ல. லாபத்துல பாதி."

இதற்குள் என் தாடை மேசை விளிம்புக்கு வந்திருந்தது. கதவருகில் நின்ற லீலா கையை ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டு பிரம்மாஸ்திரத்தை விட்டேன்.

"சாயங்காலம் பழம்பொரி போடணும், நேந்திரம்பழ பஜ்ஜி. மலையாளிங்க கூட்டம் அள்ளும்."

அவர் திரும்பி, தமக்குப் பின்னாலிருந்த அலமாரியைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆணி, போல்ட், கதவுக் கீல்.

"ஆணிக் கடையிலயா சாரே?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "நான் வேலைக்கு ஆளு கேட்டேன். தங்கராஜு எனக்கே ஒரு முதலாளிய அனுப்பியிருக்கான். உங்கள வச்சுக்கிடுத அளவுக்கு நமக்கு வசதியில்ல, கேட்டீங்களா" என்று சொல்லி, கைகூப்பி மறைந்தார்.

கஃபட்டீரியாக்காரர் மச்சானிடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "ரெண்டு வாட்டி போனக் கட் பண்ணுத ஆளுகூட எப்படிக் கடை நடத்த?"

"இரும்புக்கடைக்காரர் வேண்டாம்னு சொல்லிட்டாரே, ஒப்பந்தப்படி சீட்டுப் பணம்…" என்று இழுத்துப் பார்த்தேன். லீலா அன்று மாலையே கரமனைக்குப் போய்க் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் ஓமனச் சேச்சி வாசலில் நின்றார். "போகலேல்ல மோனே? எங்கில் அந்த உப்பேரி திரிச்சு தந்தேக்கு." திருப்பிக் கேட்ட பொட்டலத்தில் பாதியைக் கவலையில் நான் தின்றிருந்தேன்.

போன ஓணத்துக்கு விடுப்பில் வந்த மச்சான் மாவுக் கடைக்கு வந்தார். நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன்.

"மாப்ளே, கடைசியில எந்த விசா எடுத்தீங்க?"

நான் வாய் திறக்கும் முன் லீலா சொன்னாள்: "பணம் போட்டது நான் அண்ணே, இன்வெஸ்டர் விசா எனக்கு. இவங்களுக்கு வேலை விசா. மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கறது இங்க நடக்காதுன்னு சொல்லியாச்சு."

வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கும் கதை தெரியும்.

இப்போதும் இரவு விளக்கை அணைக்கும் முன் லீலா தவறாமல் சொல்வாள்: "காலையில நாலு மணிக்கு எழுப்புங்க. இந்திய நேரம்."