ஸ்டாம்பு அளவு அக்கா

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். என் இடது முழங்காலை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். நீயும் நலமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? எதைக் கேட்டாலும் "ம்ம்" என்கிறாய்.

அந்த "ம்ம்"மைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஞாயிறுதோறும் காலையில் வீடியோவில் கூப்பிடுகிறாய், சந்தோஷம். ஆனால் கொஞ்ச நாளாக உன் கண் என்னைப் பார்ப்பதில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ மேய்கிறது. நான் பேசப் பேச நீ ஆபீஸ் வேலையாக அதே திரையில் யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்துகொண்டிருக்கிறாய் என்று சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று போன வாரம், "தம்பி, உன் அத்தான் கூரைமேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு இறங்க மாட்டேங்கிறார்" என்றேன். நீ, "நல்லதுக்கா, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு" என்றாய். கூரையில் இருக்கவேண்டியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவன் என்னதான் செய்கிறான் பார்க்கலாம் என்று, பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனை செல்போன் கடைக்காரரிடம் போனேன். "திரையைப் பாதியாப் பிரிச்சு ரெண்டு வேலை பார்க்கலாம்மா. இல்லேன்னா பேசறவங்களைச் சின்னதாக்கி மூலையில ஒட்டி வச்சுக்கலாம்" என்று தன் மனைவியை வீடியோவில் கூப்பிட்டே காட்டினார். அந்த அம்மா சிரித்த முகத்தோடு சுருங்கிச் சுருங்கி, ஸ்டாம்பு அளவாகி, மூலைக்குப் போய்விட்டார். "அப்போ என் தம்பிகிட்ட நான் இவ்ளோதானா?" என்று கேட்டேன். அவர் பாவம், என்ன சொல்வார்? "கொஞ்சம் பெருசாக்கவும் முடியும்மா" என்றார்.

நீ செய்வதை நான் செய்யக்கூடாதா என்ற வீம்பில் நானும் பழகினேன். மேல் பாதியில் முழங்கால் பயிற்சி வீடியோ, கீழ்ப் பாதியில் பாட்டு. பாட்டைத் தட்டியதும் பயிற்சி சொல்லித்தரும் பெண் தூக்கிய காலோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் இறக்கட்டும் என்று நானும் தூக்கிய காலோடு காத்திருந்தேன், கடைசியில் அத்தான் ஓடிவந்து நாற்காலி போட்டார். அதோடு விட்டேனா? நூலகத்தில் சேர மூன்று பக்கப் படிவத்தை முக்கால்வாசி நிரப்பிவிட்டு, எங்கள் பின்கோடைத் தேட எதையோ திறந்து, அங்கிருந்து வேறெங்கோ போய்த் திரும்பினால் படிவம் வெள்ளை வெளேர் என்று சிரிக்கிறது. மறுபடி கடை. "திரையில தெரியறது முழிச்சிருக்கும்மா. பின்னாடி போனது பெரும்பாலும் தூங்கிடும். பாட்டு, போன் கால், வழி காட்டற மேப், இந்த மாதிரி சிலதுக்குத்தான் பின்னாடி இருந்து வேலை பார்க்க அனுமதி. இடம் பத்தலேன்னா தூங்கறதை அதுவே வெளியே தள்ளிடும்" என்றார். அன்றைக்கு நான் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்றே தெரியாது. அக்கா மூலையில் விழித்திருக்கிறாளா, பின்னால் தூங்குகிறாளா, வெளியே தள்ளியே விட்டானா என்று ஒரே யோசனை.

அம்மாவுக்கு எந்தக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார்? நமக்கிருந்தது ஒரே மேஜை. நடுவில் சாக்பீஸ் கோடு, இந்தப் பக்கம் என் சரித்திரம், அந்தப் பக்கம் உன் வாய்ப்பாடு, உன் முழங்கை எப்போதும் என் பக்கத்தில். இருவரும் ஒரே நேரத்தில் கத்திப் படிப்போம். அம்மா தையல் மிஷினை மிதித்துக்கொண்டு, வாயில் நாலு குண்டூசியோடு, திரும்பியே பார்க்காமல், "அம்பத்தாறுடா, அம்பத்தெட்டு இல்ல" என்பாள். அதே மூச்சில், "நீ ஒரு ராஜாவை முழுங்கிட்டேடி" என்று என்னையும் பிடிப்பாள். அவள் காதில் இரண்டு பேரும் முழுசாக இருந்தோம். சண்டை போட்டாலும் எனக்கென்று பாதி மேஜை இருந்தது. அந்தப் பாதி மேஜை இப்போதும் வேண்டும்போல இருக்கிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வாரத்தில் அரை மணி நேரம் எனக்கு முழுத்திரை வேண்டும். மாடிப்படி காத்திருக்கட்டும். அது முடியாதென்றால் நீ கூப்பிடவே வேண்டாம். அக்கா இல்லாமல் தனி ஆளாக உன்னால் இருக்க முடிகிறபோது, தம்பி இல்லாமல் இருக்க என்னாலும் முடியும்.

கோபம் இருந்தாலும் ஆசீர்வாதம் உண்டு. நீண்ட ஆயுளோடும் நல்ல செரிமானத்தோடும் இரு. அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் ஒரே அக்கா

பி.கு.: மேலே "முடிவாகச் சொல்கிறேன்" என்று இந்த டேப்லெட்டில் டைப் செய்யும்போதுதான் நீ கூப்பிட்டாய். புதன்கிழமை நீ கூப்பிடுவதே கிடையாது, அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். கோபம் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று உன்னைச் சுருக்கி மூலையில் ஒட்டிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். நீ கால் மணி நேரம் பேசினாய். இப்போது உன் அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பிள்ளை அவ்ளோ தயங்கித் தயங்கிக் கேட்டானே, இப்படியா பதில் சொல்லுவே?" என்கிறார். இந்த வருஷத்தோடு வேலை முடிகிறது, தனியாக இருக்க முடியவில்லை, "உங்களோடயே வந்து இருந்துடட்டுமாக்கா?" என்று கேட்டாயாம். நான், "சரி சரி, அப்புறம் பார்க்கலாம்" என்றேனாம். நாலு முறை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. மேலே எழுதியதை அழிக்கலாம் என்றால், அதோடு இதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கீழிருந்து படி, இதோடு நிறுத்திக்கொள். அத்தான் உள்ளறைக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறார். வருஷக் கடைசி வரை எதற்கு? கிளம்பி வாடா.