கார்வினுக்கு மூன்றாம் இடமா?

விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஹாலிஸ் கிராப்னர் அவர்களுக்கு,

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்திருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நழுவக் கூடாது: நான், என் மகள் வெர்லீன், பக்கத்து வீட்டு வெண்டல், இரண்டாம் வரிசையில் சோளப்பொரியோடு நீங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன், 1974 திருச்சபை விருந்தில் என் கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுபோய்த் திருப்பித் தராத உங்கள் அம்மா உட்பட.

இண்டியானா கல்லூரிக் கூடைப்பந்து நெட்டையர்களை வரிசைப்படுத்தி வியாழக்கிழமை எழுதியிருந்தீர்கள். லாசரஸ் பெட்வே முதல், ஒரு வெளிநாட்டுப் பையன் இரண்டாவது, என் பேரன் கார்வின் மூன்றாவது. "திறமை குறைவு, வருங்காலம் உண்டு" என்று ஒரே வரி. பெட்வே எகிறி வளையத்தில் தொங்குவான், சரி, வௌவாலும்தான் தொங்குகிறது. யாரும் மறிக்காத ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தினால் பத்துக்கு நாலுதான் விழும். கார்வின் வளையத்துக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு பேர் மேலே வந்து விழும்போது திரும்பிப் பார்க்காமலே மூலையில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுப்பான்; அசந்தால் இடது கையை வளைத்துத் தானே போட்டுவிடுவான். சனிக்கிழமை அப்படி ஏழு போட்டான். நான் எண்ணினேன், நீங்கள் பொரி பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். வெண்டல்கூட, "அக்கா, பெட்வே காலால ஆடுறான், நம்ம பய தலையால ஆடுறான்"னு கத்தினானே, உங்க காதுல விழலையா?

உங்கள் வரிசை வந்த மறுநாளே நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள ஒரிகனிலிருந்து ஒரு பயிற்சியாளர் என் வீட்டுக்குப் போன் செய்தார். இப்போது கார்வின் கல்லூரி மாறுகிறான். "பாட்டி, அங்க ஆட்டத்தை ஆரம்பிக்கிற முதல் அஞ்சு பேர்ல நான் இருப்பேன். நாமதான் போன்ல பேசிக்கலாம்ல?" என்கிறான். போன் என் சமையலறைக் கதவில் குனிந்து நுழையுமா? ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டு கோழி நூடுல்ஸ் தின்றுவிட்டு, கால்களை நடைவழி முழுக்க நீட்டிக்கொண்டு தூங்குமா? போன வாரம் அந்தக் கால்களை வேலை இல்லாமலே நாலு தடவை தாண்டித் தாண்டி நடந்தேன்.

உங்கள் மனைவி மக்களுக்கு என் ஆசி.

ஓர்ஃபா டில்மன்

பின்குறிப்பு: திருத்தம் போட்டால் கார்வினை ஒன்பதாவதாகப் போடுங்கள், வருங்காலமும் கிடையாது என்று எழுதுங்கள். ஒரிகன்காரர் மனம் மாறலாம். அவர் உங்கள் பத்திரிகையைப் பார்த்ததே இல்லையாம். முதலில் கார்வினை மாற்று ஆட்டக்காரனாகத்தான் கேட்டார். போனை எடுத்தவள் மூன்று பையன்களையும் ஒப்பிட்டு நாற்பது நிமிடம் பேசினாள். கடைசியில் அவர், "அப்படியாம்மா? அப்ப அவன முதல் அஞ்சுலயே போட்டுர்றேன்" என்றார். யாரை மன்னித்தாலும் ஓர்ஃபா டில்மனை மன்னிக்க மாட்டேன்.