டீக்கன் ஹஸ்கின்ஸின் நிழல்

பால்டிமோர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கார்னெல் அண்ணாவுக்கு, வெர்னீட்டா எழுதுவது.

எப்போது ஒழியும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்த ஒரு பொருளை, யாரோ எடுக்கச் சொன்னதும், எடுக்க விடமாட்டேன் என்று ஒருத்தி ஏன் சபையில் எழுந்து சண்டை போட வேண்டும்? அந்த ஒருத்தி நான்தான். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் இப்படி எழுதுவது அழகில்லைதான். நீயும் அண்ணியும் சார்லட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அதற்கு ஓய்வு கொடு. ஜூலையில் ஏணியும் ஸ்பானருமாக நீ இங்கே வர வேண்டாம்.

நம் வாசலில் அப்பா மாட்டிய பச்சை வெள்ளைக் கோடு போட்ட தகரச் சாய்ப்பைத்தான் சொல்கிறேன். மழை பெய்தால் அதன் அடியில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, காற்றடித்தால் கிழவன் இருமுவது மாதிரி ஒரு சத்தம், நீ வந்து கழற்றுவாய் என்று நானும் நிம்மதியாக இருந்தேன், அதற்குள் பக்கத்து வீட்டு அனலீஸ் நம் கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டாள். அவளை உனக்குத் தெரியாது. போன வருஷம் குடிவந்த வெள்ளைக்காரப் பெண், நாய்க்கு மழைக்கோட்டு போடுகிறவள், தெருவின் பழைமைக் காப்புக் குழுவுக்குச் செயலாளர். சாய்ப்பு தெருவின் பழைய அழகுக்குப் பொருந்தவில்லையாம், கழற்ற வேண்டுமாம். எனக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்க வேண்டும். நோட்டீஸைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், எதிர்வீட்டு வாசற்படியிலிருந்து நம் சர்ச்சு டீக்கன் ஹஸ்கின்ஸ் கூப்பிடுகிறார்.

"ஏம்மா, உனக்கும் வந்துடுச்சா? எனக்கு வந்தப்ப மரியாதையா கழட்டிக் குடுத்தேன். இப்ப பாரு, வறுத்த மீனாட்டம் உக்காந்திருக்கேன்."

உண்மைதான். போன இலையுதிர் காலத்தில் அவருடைய சிவப்பு வெள்ளைச் சாய்ப்பைப் பழைய சாமான் வண்டிக்காரன் அள்ளிக்கொண்டு போனான். அதிலிருந்து அவர் சர்ச்சுக் குடையைப் பிடித்தபடிதான் வாசலில் உட்காருகிறார். உள்ளே போய் உட்காருங்கள் என்றால், "தெருவை யாரு பாக்குறது?" என்கிறார்.

"உங்கண்ணன் பந்தடிச்சு நசுக்கின நசுங்கலோட போச்சும்மா. அதுக்கு அவன் இன்னும் மன்னிப்புக் கேக்கல."

"கேட்கச் சொல்றேன், டீக்கன்."

"மெதுவாக் கேக்கட்டும். நான் எங்கயும் போகல."

குழுவின் கூட்டம் நேற்று மாலை, லோனியின் முடிதிருத்தும் கடையாக இருந்து இப்போது காப்பிக் கடையாகிவிட்ட இடத்தில் நடந்தது. லோனியின் பெயர்ப்பலகையை அழகுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள், உள்ளே போய் முடி வெட்டச் சொன்னால்தான் முழிப்பார்கள். தலைவர் எழுந்து, 1924-இல் இந்தத் தெரு எப்படி இருந்ததோ அப்படியே மீட்பதுதான் நம் நோக்கம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்திருக்கலாம், வேலை தானே முடிந்திருக்கும். ஆனால் எழுந்துவிட்டேன். "1924-இல் எங்களை மாதிரிக் கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாதுன்னு இந்தத் தெருப் பத்திரத்துலயே எழுதியிருந்தது. அப்படியே மீட்கணும்னா சாய்ப்பைக் கழட்டினா போதாது, அதுக்கு அடியில உட்கார்றவங்களையும் கழட்டணும்" என்றேன். பால் நுரைக்கிற மெஷின் கூட நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் விபரீதம். அனலீஸ் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள், எனக்கு அதெல்லாம் பிடிக்காது என்று உனக்கே தெரியும், தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அங்கேயே தீர்மானம் போட்டுவிட்டார்: நம் சாய்ப்பு கறுப்பினக் குடும்பங்களின் வாழ்வுக்கு அழியாச் சாட்சியாம், இனி அதைக் கழற்றக் கூடாதாம், பெயிண்ட் மாற்றக் கூடாதாம், குழுவைக் கேட்காமல் ஒரு திருகாணியைத் தொடக் கூடாதாம். ஜெயித்துவிட்டேன், அண்ணா. ஆயுள் தண்டனை.

கடைசி வரிசையிலிருந்து டீக்கன் கை தூக்கினார். "அப்ப என்னுதத் திருப்பித் தருவீங்களா?"

"வருந்துகிறோம் ஐயா. இல்லாத பொருளைக் காப்பாற்ற விதியில் இடமில்லை" என்றார் தலைவர்.

டீக்கன் தலையாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அதை நினைத்தால்தான் நான் ஜெயித்ததாகவே தோன்றவில்லை.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கூரையைக் கர்த்தர் காக்கட்டும், நம்முடையதைக் குழு பார்த்துக்கொள்ளும்.

உன் தங்கை,
வெர்னீட்டா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு, ஏணியோடு வா, நம் சாய்ப்புக்காக இல்லை. காலையில் ஒரு வண்டி வந்து, அனலீஸ் வீட்டு வாசலில் இரண்டு பேர் தகரச் சாய்ப்பு மாட்டினார்கள். என் பேச்சு அவளை மாற்றிவிட்டதாம், பழம்பொருள் கடையில் தேடிப்பிடித்தாளாம். சிவப்பு வெள்ளை. நடுவில் பந்தளவுக்கு ஒரு நசுங்கல். டீக்கன் எதிர்வாசலிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார், குடையை மடக்கினார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, அவள் வீட்டுப் படியேறி, நசுங்கலுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். அனலீஸ் வெளியே வந்து, "யாரையாவது பார்க்க வந்தீங்களா, ஐயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நிழலுக்கு வந்தேன். என்னுதுதான்."

அவள் அவரைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், எதிரே அவருடைய வெறும் வாசலைப் பார்த்தாள், காது வரைக்கும் சிவந்து உள்ளே போய்விட்டாள். டீக்கன் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை.